இப்போதுதான் எழுந்து போனவர்கள்

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், ஃபோல்கேட் தெரு 18ஆம் எண் வீட்டில் இருப்பது ஒரு பொய்க் குடும்பம். 1724 வாக்கில் கட்டிய செங்கல் வீடு நிஜம். டென்னிஸ் செவர்ஸ் என்ற அமெரிக்கர் 1979இல் அதை வாங்கி, பிரான்சிலிருந்து தப்பிவந்த ஹ்யூகனாட் வழிப் பட்டு நெசவாளர்களாக ஜெர்விஸ் குடும்பத்தைக் கற்பனை செய்தார். 1999இல் சாகும்வரை அவர்களோடுதான் குடியிருந்தார். இப்போது அது அருங்காட்சியகம்.

பெயர்ப்பலகை கிடையாது. நான் போனபோது பேசவும் கூடாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறை அறையாக ஏறணும். பாதி தின்ற ரொட்டி, கலைந்த படுக்கை, கணப்பில் தீ, பக்கத்து அறையில் பேச்சுச் சத்தம். நம் காலடி கேட்டு அவர்கள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். கயிறு கட்டித் தடுத்த கட்டிலையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பேனாவையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. (மூத்திரப் பானைகூட உண்டு.) செவர்ஸ் எழுதியது ஒரு நாவல், காகிதத்துக்குப் பதில் வீடு. அதனால் நாவலைக் கேட்கிற கேள்வியையே இதையும் கேட்கலாம்: யாரை உள்ளே விட்டிருக்கிறார்?

மேல்மாடியில் வறுமை இருக்கிறது. நெசவு நொடித்துப்போன காலத்தின் கந்தல், ஈரச் சுவர். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த நெசவாளர்கள் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது வீட்டில் இல்லை.

1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்திச் சீட்டி உடுத்திய பெண்களின் துணியைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். இந்தியாவில் அச்சிட்ட சீட்டியின் இறக்குமதிக்கு ஏற்கெனவே தடை. வியாபாரிகள் வெள்ளைத் துணியை வரவழைத்து லண்டனிலேயே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். சோழமண்டலக் கரைத் தறிகளின் துணியும் அதில் உண்டு. 1721இல் பெரும்பாலான அச்சுப் பருத்தியை உடுத்துவதற்கும் வீட்டில் விரிப்பதற்கும்கூடச் சட்டம் தடை போட்டது. மூன்று வருஷம் கழித்து எழுந்த வீடு இது.

செவர்ஸ் கற்பனை செய்ததில் எனக்குப் புகார் இல்லை, இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்றுதான். அந்தப் பட்டுக்காரர் வீட்டில், மனைவியின் மரப்பெட்டிக்கு அடியில், தடை செய்யப்பட்ட ஒரு சீட்டிப் பாவாடை மடித்து ஒளித்துவைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! அந்த மௌனத்தில் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.