மாணவர் பதிப்பும் மண்ணின் பேச்சும்

கற்கும் காலத்தில் கதை எழுதிப் பாராத மாணவர் சிலரே. எழுதியதை நூலாக்கி, முன்பின் அறியாதார் கையில் விலைக்குக் கொடுக்கத் துணிந்த மாணவரோ அவரினும் சிலர். அத்துணிவை 1962-இல் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் காட்டினர். ‘பல்கலை வெளியீடு’ என்னும் பெயரில் அவர்கள் கொணர்ந்த ‘கதைப் பூங்கா’ ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ‘விண்ணும் மண்ணும்’, ‘காலத்தின் குரல்கள்’ ஆகிய தொகுதிகள் பின்தொடர்ந்தன. செங்கை ஆழியான், செம்பியன் செல்வன், செ. யோகநாதன் முதலியோர் அம்மாணவர் அணியினர்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்திற்கு ‘இளங்கதிர்’ என்னும் ஆண்டிதழ் முன்னரே இருந்தது. அவ்வாறிருக்கத் தனிப் பதிப்பு எதற்கு என்று வினவலாம். ஆண்டிதழை நண்பரும் ஆசிரியரும் படித்துப் பாராட்டுவர். நூலையோ காசு கொடுத்து வாங்கியவன் படிப்பான். பிடிக்காவிடில் தயங்காது குறை கூறுவான். இளம் எழுத்தாளனுக்கு அக்குறையைக் காட்டிலும் நல்லாசிரியர் உண்டோ?

மேலும், அஃது ஈழத்தில் மரபுப் போராட்டம் மூண்டிருந்த காலம். உழவரும் மீனவரும் பேசும் மொழியைக் கதையில் ஏற்றியதை ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்தனர் பண்டிதர் சிலர். முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்றனர். அச்சூழலில் எழுதத் தொடங்கிய செங்கை ஆழியான், நெடுந்தீவுக்குப் பருவந்தோறும் வந்து தங்கும் மீனவர் வாழ்வை 1973-இல் ‘வாடைக்காற்று’ நாவலாக்கினார். ‘காட்டாறு’ நாவலில் வன்னி உழவரைக் காட்டினார். (அவர் அரசு நிருவாகப் பணியில் இருந்துகொண்டே எழுதியவர் என்பது, கோப்புகளிடையே காலந்தள்ளும் நம்போன்றார்க்குத் தனி மகிழ்ச்சி.) இவையாவும் மாணவர் பதிப்பின் விளைவு எனல் மிகை. ஆயினும், தம் ஊர்ப் பேச்சு அச்சுக்குத் தகும் என்னும் உறுதியை இளமையிலேயே பெறுதல் சிறு பேறன்று.

இம்முயற்சிக்கு ஓர் இயல்பான குறையும் உண்டு. மாணவர் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் பிரிவர். அவரோடு பதிப்பும் பிரிந்துவிடும். ஆதலின் பொறுப்பு மாணவரிடமும், அச்சுக்கூடமும் இருப்பும் நிறுவனத்திடமும் இருத்தல் நலம்.

இதனை நம் குப்பத்திற்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். தமிழகம், கருநாடகம், கேரளம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் ஆந்திர அரசு 1997-இல் இங்குத் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. பிரசாராங்கம் என்னும் வெளியீட்டுத் துறையும் அதற்கு உண்டு. ஆய்வு நூல் அச்சேற வழியிருக்கிறது. கல் குவாரித் தொழிலாளியும், பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண்ணும் சொல்லும் கதைகளைத் திரட்டி வெளியிடும் பணியையோ மாணவரிடமே விட்டுவிடலாம். அப்பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். அதனைச் செந்தமிழாகத் திருத்தி அச்சிட்டால், பண்டிதர் பழித்துச் செய்ததை நாம் பரிவோடு செய்தவராவோம்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இங்குத் தமிழ் பேசும் வீடுகளிற் பல பிள்ளைகள் தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். பாட்டியின் தமிழ் அவர்கட்குப் புரியும், தமிழெழுத்துப் புரியாது. தமிழெழுத்தில் மட்டும் அச்சிட்டால் அக்கதை அவ்வீட்டுக்கே திரும்பாது. ஆகவே, தமிழ்ப் பேச்சைத் தெலுங்கெழுத்திலும் அச்சிட வேண்டும் என்கிறோம். தமிழ்ச் சங்க மலரிலேயே இவ்வாறு எழுதுவதா எனச் சிலர் சினக்கக்கூடும். தமிழ் முஸ்லிம்கள் அரபெழுத்தில் தமிழை எழுதி ‘அரபுத் தமிழ்’ இலக்கியமே வளர்த்தனர். அதனால் அது தமிழன்று என்பார் உண்டோ?

இடப்பக்கம் தமிழெழுத்தும் வலப்பக்கம் தெலுங்கெழுத்துமாக முதல் தொகுதியை அமைக்கலாம். அச்சேறுமுன் படியைக் கதை சொன்னவர் வீட்டுக்கே கொண்டு செல்க. பேரன் உரக்கப் படிக்கட்டும். தான் சொன்னவாறு இல்லாத இடத்தைப் பாட்டியே திருத்தட்டும்.