சிவகாமி ஜெயித்தாளா?

உறுதி இருந்தால் வெற்றி நிச்சயம் என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சத்தியம் செய்யும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வருகிறது. சிவகாமிக்கு இல்லாத உறுதியா?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944-ல் தொடராக வர ஆரம்பித்தது. போர்க் கதை, காதல் கதை என்று பேர் வாங்கிவிட்டது. என்னைக் கேட்டால் அது குணங்களின் கதை. கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமியை மீட்க மாமல்லர் மாறுவேடத்தில் வருகிறார். புறப்பட வேண்டியதுதான் பாக்கி. அம்மணி மாட்டேன் என்கிறாள். ஊரை எரித்துவிட்டுத்தான் அழைத்துப் போக வேண்டுமாம். வருடங்கள் கழித்து ஊர் எரிகிறது. சபதம் பலித்தது. ஆனால் காஞ்சிக்குத் திரும்பினால், மாமல்லருக்குப் பாண்டிய ராஜகுமாரி மனைவி, குழந்தைகள் வேறு. காதலர்களைப் பிரித்தது புலிகேசியா, பிடிவாதமா?

மனோதத்துவக்காரர்கள் மனித சுபாவத்தை ஐந்து அம்சங்களில் அளக்கிறார்கள்: புதியதில் நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். பொறுப்பானவர்கள் சராசரியாக வேலையிலும் சோபிக்கிறார்கள், ஆயுசும் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சராசரியாக என்பதைக் கவனியுங்கள். 1968-ல் வால்டர் மிஷல் குறுக்கே ஒரு கேள்வி போட்டார்: ஆளை மட்டும் பார்க்கிறீர்களே, சூழ்நிலையைப் பார்த்தீர்களா?

கல்கி பார்த்திருக்கிறார். சிறைப்பட்ட தமிழர்களைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற வாதாபியின் நாற்சந்திகளில் ஆடியவள் சிவகாமி. அந்த அவமானம்தான் சபதமாயிற்று. காஞ்சியிலேயே இருந்திருந்தால் அதே பிடிவாதம் நாட்டியத்துக்குப் போயிருக்கும். புலிகேசியும் நாகநந்தி பிக்ஷுவும் ஒரே முகம் கொண்ட சகோதரர்கள். ஒருவருக்கு ராஜ்ஜியம், இன்னொருவருக்குக் காவி, கலை மோகம், கடைசியில் வெறி. முகம் ஒன்றானால் வாழ்க்கை ஒன்றாகிவிடுமா?

கல்கி சறுக்குவது மாமல்லரிடம். கோபம் உண்டு, காதல் உண்டு. கல்யாணத்துக்குச் சம்மதித்த மனசுக்குள் நாம் போதுமான அளவு நுழைய முடிவதில்லை. பழி முழுக்கச் சிவகாமி தலையில் விழுகிறது. இது அநியாயம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் நெம்மேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். 2013-லிருந்து அங்கே கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். உப்பு தனி, தண்ணீர் தனி. மனித குணத்துக்கு அப்படி ஓர் ஆலை கிடையாது. பிடிவாதத்தை வடிகட்டிவிட்டு உறுதியை மட்டும் பாட்டிலில் அடைக்க முடியாது. இரண்டும் ஒரே தண்ணீர்.

அப்போ விமோசனமே இல்லையா? பரஞ்சோதியைப் பாருங்கள். வாதாபியை வென்ற கையோடு வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகிறார். பெரிய புராணமும் அவர் போர்த்தொழிலை விட்டதைச் சொல்கிறது. அவருக்கும் உறுதிக்குக் குறைச்சலில்லை. எப்போது விடுவது என்றும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்களிடமும் ஒரு சபதம் இருக்கலாம். அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், அவனாக வந்து பேசட்டும் என்று பதினைந்து வருஷமாக. நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும். ஆனால் வாதாபி எரிகிறவரைக்கும் காஞ்சியில் யாரும் அப்படியே காத்திருப்பதில்லை.