ஆடி தேய்த்த அண்ணனும் ஏடு எழுதிய தங்கையும்

வான நூல் கற்போருள் வில்லியம் ஹெர்ஷலின் பெயரை அறியாதார் இலர். 1781-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ந் தேதி இரவு, இங்கிலாந்திலுள்ள பாத் நகரில், தம் வீட்டுத் தோட்டத்தில் நின்று, தம் கையாற் செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியின் வழியே யுரேனஸ் என்னும் கிரகத்தைக் கண்டவர் அவர். பண்டையோர் அறிந்த கோள்களுக்கு அப்பால் மனிதன் கண்ட முதற் கோள் அதுவே. ஆயினும் அக்கண்ணாடி எவ்வாறு உருவாயிற்று, அதில் எவரெவர் கை பட்டது என வினவுவார் அரியர். அவ்வினாவிற்கு விடை தரும் நூலொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஹெர்ஷலின் தங்கை கரோலின் அம்மையாரின் நினைவுக் குறிப்புகளும் கடிதங்களும் அடங்கிய அந்நூல் 1876-இல் லண்டனில் வெளிவந்தது. தொகுத்தவர் அக்குடும்பத்து மருமகளாகிய திருமதி ஜான் ஹெர்ஷல்.

நூலின் சிறப்பை முதற்கண் கூறுவோம். பெரியோர் சரிதம் எழுதுவோர், அறிவு வானத்திலிருந்து இறங்கியது போல எழுதுவது வழக்கம். இந்நூலோ நம்மைப் பட்டறைக்கே அழைத்துச் செல்கின்றது. ஹெர்ஷல் 1738-இல் ஹனோவரில் ஒரு பட்டாளத்து வாத்தியக்காரரின் மகனாய்ப் பிறந்தார். 1757-இல் இங்கிலாந்துக்கு வந்து, சங்கீதத்தால் வயிறு வளர்த்தார். பின்னர் பாத் நகரில் ஒரு கோயிலில் ஆர்கன் வாசிப்பவரானார். பெரிய தொலைநோக்கியின் விலை தம் கைக்கு எட்டாது எனக் கண்டு, 1773-இல் தாமே செய்யத் துணிந்தார். வரவேற்பறையில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறையில் கடைசல் இயந்திரம் ஏறிற்று. பாட்டுப் பயிற்சிக்கென முந்தின ஆண்டில் வந்திருந்த தங்கையும் இவ்வேலையில் இழுக்கப்பட்டார்.

அக்காலத்து ஆடி, செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கிய உலோகத்தாலானது. அதனை வட்டமாக வார்த்து, குழிவாகத் தேய்த்து, மெருகிடல் வேண்டும். குழிவின் வளைவு மயிரிழை பிறழினும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாது, கறையாய்ப் பரவும். மெருகிடத் தொடங்கியபின் கையை எடுத்தால் வேலை கெடும் என்பது ஹெர்ஷலின் துணிபு. ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் ஆடியினின்று கையை எடுத்திலர். அவ்வேளையில் உணவைச் சிறிது சிறிதாக அவர் வாயிலிட்டவர் கரோலின். தேய்க்குங்கால் சலிப்புத் தீர அராபிக் கதைகளையும் டான் குவிக்ஸோட்டையும் படித்துக் காட்டியவரும் அவரே.

தோல்வியை மறையாமை இந்நூலின் மற்றொரு சிறப்பு. யுரேனஸைக் கண்ட அதே ஆண்டில் முப்பதடித் தொலைநோக்கிக்கு ஆடி வார்க்க முயன்றனர். அச்சுக்கு வேண்டிய குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர்களுள் கரோலினும் ஒருவர். வார்ப்பு நாளில் உலோகம் கசிந்து தரையில் ஓடிற்று; சூடேறிய தளக்கற்கள் வெடித்து நாற்புறமும் சிதறின; அண்ணன் தம்பியரும் வேலையாட்களும் உயிர் தப்பி ஓடினர். கண்டுபிடிப்பு என்னும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே இத்துணை வியர்வை நிற்கின்றது என்பதை இவ்வொரு பக்கமே உணர்த்தும்.

1782-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் அளித்தார். சங்கீதத்தில் வந்ததினும் அது குறைவாதலின், ஹெர்ஷல் தொலைநோக்கிகளைச் செய்து விற்றார். ஸ்பெயின் மன்னருக்குச் செய்த ஒன்றின் விலை 3,150 பவுன். 1789-இல் முடிந்த நாற்பதடிக் கருவிக்கு மன்னர் 4,000 பவுன் வரை உதவினார். அதன் ஆடி 48 அங்குல அகலம். உலகம் அதனைக் கண்டே வியந்தது. எனினும் அது திருப்புதற்கு அரியது; ஆடியும் விரைவில் மங்கிற்று. சுமார் 2,500 ஒளிமுகிற் பொருள்களை அவர் கணக்கெடுத்தது பெரும்பாலும் இருபதடிக் கருவியாலேயே. அவர் கண்டு சொல்லச் சொல்ல, நேரமும் இடமும் குறித்து எழுதி, பகலில் கணக்கிட்டுப் படியெடுத்தவர் கரோலின்.

இனி, நூலின் குறையைக் கூறுவோம். அது முன்னுரையில் உள்ளது. பெரியோர்க்குத் துணைநின்று, தமக்கென ஒன்றும் வேண்டாத உத்தமர் வரிசையில் தொகுப்பாசிரியை கரோலினை வைக்கின்றார். பழக்கிய நாய்க்குட்டி செய்வதற்கு மேல் தாம் ஒன்றும் செய்யவில்லை என்று கரோலினும் ஓரிடத்தில் தம்மைத் தாழ்த்திக் கொள்கின்றார். இவ்விரண்டையும் அப்படியே ஏற்பது தகுமோ? தோட்டத்துக் கிராணியாகிய நாம் பெரட்டுக் களத்தில் நாள்தோறும் பெயர் குறிப்பவர். ஒருவர் தம் வேலையைக் குறைத்துச் சொன்னாரென்று ஏட்டில் குறைத்து எழுதுதல் முறையாகாது. செய்த வேலையைப் பார்த்தே எழுதுதல் வேண்டும்.

செய்த வேலை யாது? 1786 ஆகஸ்டு முதல் தேதி அவர் தாமாகவே ஒரு வால்மீனைக் கண்டார். 1797-க்குள் எட்டு வால்மீன்கள் கண்டார். பிளாம்ஸ்டீடின் விண்மீன் பட்டியலைச் சோதித்து, அதில் விடுபட்ட 560 மீன்களைச் சேர்த்து, 1798-இல் அட்டவணை வெளியிட்டார். 1828-இல் ராயல் வான நூற் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1783-ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனியில் ஓடுகையில் இரும்புக் கொக்கி தொடையிற் பாய்ந்தும், பிறகு வானம் மூடிக்கொண்டதால் அண்ணனுக்கு நட்டமில்லை என்று ஆறுதல் கொண்டார். முன்னுரை வழிச் செல்வோர் இதனை அன்பின் சான்று என்பர். அன்பு உண்மையே; அவ்வன்பு கொடுத்த விலையும் உண்மையே.

அவர் தமக்கென ஒன்றும் வேண்டாதவரும் அல்லர். 1787-இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் விதித்தார். தம் விருப்பப்படி செலவிடலாமென்று வாழ்நாளில் தாம் எண்ணிய முதற் பணம் அதுவே என அவர் எழுதுகின்றார். அப்போது அவருக்கு வயது 37. மறு ஆண்டு அண்ணன் மணம் புரிந்தார். அதன் பின் ஏறக்குறைய பத்தாண்டுக் குறிப்பேடுகளை அம்மையார் அழித்துவிட்டார். ஒன்றும் வேண்டாதவர்க்கு அழித்தற்கு யாது இருந்தது?

ஹெர்ஷலையும் குறை கூறுவதற்கில்லை. பெண்ணுக்கு வீட்டு வேலையே போதும் என்ற தாயின் பிடியினின்று தங்கையை மீட்டுக் கணிதம் கற்பித்தவர் அவர். அவளுக்கென வால்மீன் தேடும் கருவி செய்து கொடுத்தார். சம்பளம் கேட்டுப் பெற்றதும் அவர் முயற்சியே. தொகுப்பாசிரியையும் தம் கருத்துக்கு மாறான சான்றுகளை மறைத்திலர். அந்நேர்மையால்தான் நூல் தன் முன்னுரையைத் தானே மறுத்து நிற்கின்றது.

ஆகவே, ஆங்கிலம் பயின்ற இளைஞரும் யுவதிகளும் இந்நூலைத் தவறாது படித்தல் வேண்டும். படிப்போர் முன்னுரையை இறுதியிற் படிப்பாராக. இதனைத் தமிழாக்க முன்வருவார் உளராயின், அம்முன்னுரையைப் பின்னுரையாக்கி வெளியிடுவாராக. கரோலினின் உழைப்பைத் தமிழ் மக்கள் முதலில் காணட்டும். புகழ்மொழி பிறகு வரட்டும்.