வாவியும் சந்தையும்: இளம் ஆய்வாளர் மானியங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞான ஆராய்ச்சி ஆய்வுகூடத்துக்குள் அடங்கிவிடாது மக்கள் வாழ்க்கைக்குப் பயன்படல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். கருத்து வேறுபாடு தோன்றுவது, அப்பயனை எவ்வளவுகோல் கொண்டு அளப்பது என்ற இடத்திலேயாகும். அண்மைக் காலங்களில் இளம் ஆய்வாளருக்கு வழங்கப்படும் மானியங்களுட் கணிசமானவை ஓர் அளவுகோலையே முதன்மைப்படுத்துகின்றன. கண்டுபிடிப்பானது சந்தையில் விலைபோகும் பண்டமாக மாற வல்லதா என்பதே அது. இவ்வளவுகோலின் பொருத்தப்பாட்டை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை உரைகல்லாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மானிய முறையின் வரலாறு நீண்டதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டின் பே–டோல் சட்டம், அரச நிதியாற் செய்யப்பட்ட ஆராய்ச்சியின் ஆக்கவுரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்க இடமளித்தது. 1982 இல் அங்கு இயற்றப்பட்ட சிறுதொழிற் புத்தாக்கச் சட்டம், பெருமளவு ஆராய்ச்சி நிதியைக் கையாளும் அரச திணைக்களங்கள் அந்நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டுமென விதித்தது. இந்தியாவில் 2012 இல் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கெனத் தனியே ஓர் உதவிக் குழு நிறுவப்பட்டது. அதன் தொடக்க மானியத்தின் கீழ், ஓர் எண்ணத்தைச் செயற்படுத்திக் காட்டுவதற்கு 18 மாத காலத்துக்கு 50 இலட்சம் இந்திய ரூபா வரை வழங்கப்பட்டு வந்துள்ளது.

இலங்கையில் 1968 இல் தோன்றிய தேசிய விஞ்ஞானப் பேரவையும், 1981 இன் இயற்கை வள, சக்தி, விஞ்ஞான அதிகாரசபையும், 1998 முதல் இயங்கிவரும் தேசிய விஞ்ஞான மன்றமும் ஒரே மரபின் மூன்று கட்டங்கள் எனலாம். புத்தாக்குநரை ஊக்குவிப்பதற்கு 1979 இன் 53 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 2017 இல் உலக வங்கியின் 10 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியுடன் தொடங்கிய உயர்கல்வி அபிவிருத்தித் திட்டம் இவ்வரிசையில் தனியாகக் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழக ஆராய்ச்சியை வணிகமயப்படுத்துவதற்கென்றே ஒரு வகை மானியத்தை அது ஏற்படுத்திற்று. பல்கலைக்கழகங்களிலே வணிகத் தொடர்புப் பிரிவுகள் இயங்கத் தொடங்கியதும் இக்காலப் பகுதியிலேதான்.

இம்முயற்சிகளின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிடல் தகாது. இலங்கை தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிட்டு வந்துள்ளது. தென்கொரியாவின் செலவு 4 சதவீதத்துக்கும் மேலாகும். இத்தகைய வறுமையில், ஒரு பட்டதாரியின் ஆய்வு பெரும்பாலும் ஆய்வேட்டுடனோ ஆய்விதழிற் கட்டுரையொன்றுடனோ முற்றுப்பெற்று விடுகின்றது. ஆய்வுகூட மேசையிற் சிறு அளவிற் செய்து காட்டியதை ஆலையிலோ வயலிலோ பேரளவிற் செய்து காட்டுவதற்குப் பணம் வேண்டும். வங்கி ஈடு கேட்கும். இளம் ஆய்வாளரிடம் ஈடு வைக்க நிலமுமில்லை, நகையுமில்லை. வணிகரோ பலன் உறுதியானபின் வருவதாகக் கூறுவர். இவ்விடைவெளியை நிரப்புவது மானியமே. மட்டக்களப்பின் அரிசி ஆலைகளிற் குவியும் உமியிலிருந்து பயனுள்ள பொருளொன்றைச் செய்ய வழிகண்ட மாணவி ஒருத்திக்கு இத்தகைய நிதி கிடைப்பின், அது மாணவிக்கும் ஊருக்கும் நன்மையே. 1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. அன்று அந்த இடைவெளியைக் கடக்கும் பொறுப்பை அரசே நேரடியாக ஏற்றிருந்தது. இன்று அப்பொறுப்பு இளம் ஆய்வாளரின் தோளுக்கு மாற்றப்பட்டு, வழிச்செலவு மட்டும் மானியமாகக் கொடுக்கப்படுகின்றது.

ஆயின், உமியைப் போன்று அள்ளி எடுத்து விற்கக்கூடிய பொருளல்லாத ஒன்றைப் பற்றி ஆராய்பவரின் நிலை யாது? இவ்வினாவை எழுப்புவதற்கு மட்டக்களப்பு வாவியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, எழுவான்கரை, படுவான்கரை என மக்களின் வாழ்க்கையையே இரு கூறாக வகுத்து நிற்பது. நெய்தலும் மருதமும் இங்கு ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. நகரை அடுத்த பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் வாவி கடலோடு கலக்கும் வாய்கள் உள்ளன. கோடையில் மணல் திரண்டு வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் பெருகும்போது, வேளாண்மை நீரில் மூழ்காதிருக்க முகத்துவாரத்தை வெட்டிவிடுமாறு விவசாயிகள் கோருவர். காலமறியாது வெட்டின் வாவி நீர் விரைந்து வடிய, மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என மீனவர் அஞ்சுவர். வெட்டாதிருப்பின் வயல் அழியும். பொருத்தமற்ற நாளில் வெட்டின் வலை வெறிதாகும்.

எப்பொழுது, எவ்வளவு அகலத்திற்கு முகத்துவாரம் வெட்டப்படல் வேண்டும் என்பது விஞ்ஞான வினாவாகும். மழை அளவு, ஆறுகளின் வரத்து, கடலின் ஏற்றவிறக்கம், நீரின் உவர்த்தன்மை, மீன்குஞ்சுகள் உட்புகும் பருவம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் அளந்தே அதற்கு விடை காண முடியும். இளம் ஆய்வாளர் ஒருவர் அவ்விடையைக் கண்டார் எனக் கொள்வோம். அவர் வணிகமயப்படுத்தல் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது எதிர்கொள்ளும் வினாக்கள் யாவை? வாங்குவோர் யார், சந்தையின் பருமன் எவ்வளவு, பங்காளியாகும் நிறுவனம் எது, ஆக்கவுரிமை பெறக்கூடியதா என்பனவே அவை. அவ்விடையால் நன்மை பெறுவோர் இரு கரையிலும் உள்ள விவசாயிகளும் மீனவரும் ஆவர். எனினும் அதனை வாங்குவோர் என ஒருவரும் இலர். ஒருவருக்கு விற்று மற்றவருக்கு மறுக்க முடியாத அறிவு அது. மானியத்தின் கணக்கில் அதன் பெறுமதி சுழியமாகிவிடுகின்றது. வாவிக்கு மிக வேண்டப்படும் ஆராய்ச்சி, வேண்டாத ஆராய்ச்சியாக ஒதுக்கப்படும் விந்தை இங்ஙனமே நிகழ்கின்றது.

சந்தை அளவுகோல் போதாது என்பதற்கு வாவியின் அண்மை வரலாறே சான்று பகர்கின்றது. இலங்கையில் வணிக நோக்கிலான இறால் வளர்ப்பு 1970களின் பிற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்திலேதான் தொடங்கியது. புதிய தொழில்நுட்பமும் ஏற்றுமதிச் சந்தையும் ஒருங்கே வந்து சேர்ந்த முயற்சி அது. படுவான்கரை இளைஞர் பலருக்கு வேலையும் தந்தது. 1987 ஜனவரி மாத இறுதியில், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவு இறாற்பண்ணையின் ஊழியர் பலரும் சுற்றுக் கிராம மக்களும் பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையின்போது கொல்லப்பட்டனர். சந்தையின் பருமனை வினவும் விண்ணப்பப் படிவம் எதுவும் வினவாத ஒன்று, தொழிலாளியின் உயிருக்கான காப்பாகும். போர்ச் சூழலிற் கிழக்கில் நிலைக்க முடியாத இத்தொழில் வடமேற்குக் கரையிலே, புத்தளம் மாவட்டத்திலே, பெருகியது.

அங்கு நிகழ்ந்ததும் கவனத்துக்குரியது. பண்ணை ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கின் இலாபந்தரும் வெற்றியே. ஆனால் ஒரு பண்ணை வெளியேற்றிய கழிவுநீர் சென்ற அதே நீர்வழியிலிருந்தே அடுத்த பண்ணை தனது நீரைப் பெற்றது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் வரிசையாக வீழ்ந்தன. பின்னர் அத்தொழிலை ஓரளவு நிமிர்த்த உதவிய ஏற்பாடுகளுள் முக்கியமானது, பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எவ்வலயம் எக்காலத்தில் இறாற்குஞ்சு விடலாம் என வகுத்த பருவ அட்டவணையாகும். அவ்வட்டவணை விற்பனைப் பண்டமன்று. எவரும் அதற்கு ஆக்கவுரிமை கோர முடியாது. சந்தைக்குரிய பண்டத்தைச் சந்தைக்குரியதல்லாத அறிவே காத்தது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

நிதி தட்டுப்பாடான நாட்டில் வருவாய் தராத ஆராய்ச்சிக்குப் பணமிடல் ஆடம்பரம் என வாதிடுவோர் உளர். இவ்வாதம் ஒரு முக்கிய உண்மையைக் காணத் தவறுகின்றது. சந்தையின் தாயகமெனப்படும் அமெரிக்காவின் 1982 ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே, அரச திணைக்களங்கள் மானியம் வழங்குவதோடு அமையாது, தமக்குத் தேவையான முடிவுப்பொருளைத் தாமே வாங்குவோராகவும் விளங்குகின்றன. சந்தை தானாக முளைத்ததன்று. அரசின் கொள்வனவு அதற்கு நிலமாயிற்று. தமிழகத்தில், 1988 இல் சென்னையில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கடல் அலை, காற்று, மீன் திரளும் இடம் என்பன பற்றிய தகவலைக் கைத்தொலைபேசி வாயிலாகக் கரையோர மீனவருக்குத் தமிழில் அளித்து வருகின்றது. விஞ்ஞானத் தரவு அங்கே பயன்பாடாக மாறியுள்ளது. ஆயின் மீனவர் அதற்கு விலை கொடுப்பதில்லை. உயிரும் எரிபொருளும் மிச்சமாதலே அதன் வருவாய்.

இவற்றை நோக்கும்போது, சந்தை சார்ந்த மானியத்தை ஒழித்துவிடுதல் தீர்வாகாது என்பதும், அதனருகே பொதுப்பயன் சார்ந்த மானியம் ஒன்று சமமான மதிப்புடன் அமைதல் வேண்டும் என்பதும் புலனாகும். அத்தகைய மானியத்தில், தனியார் நிறுவனத்தின் ஒப்பத்துக்கு ஈடாக மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினதோ கமக்காரர் அமைப்பினதோ மாகாணத் திணைக்களத்தினதோ ஒப்பம் ஏற்கப்படல் வேண்டும். மானியக் காலம் நிதியாண்டின் முடிவைப் பாராது பருவத்தின் சுழற்சியைப் பார்த்தல் வேண்டும். ஒரு மாரியை மட்டும் கண்டு வாவியைப் பற்றி முடிவு கூறுதல் இயலாது. ஆய்வின் பலன் எத்தனை ரூபாவுக்கு விற்றது என்ற வினாவுக்குப் பதிலாக, எத்தனை தோணிகளின் அன்றாடத் தொழிலை அது மாற்றிற்று என்ற வினா எழுப்பப்படல் வேண்டும்.

இறுதியாக மொழி பற்றிய பிரச்சினை உளது. மானிய விண்ணப்பமும் ஆய்வறிக்கையும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. நிதி வழங்குவோருக்கு அறிக்கை போய்ச்சேர்கின்றது; வலை வீசுபவருக்குப் போய்ச்சேர்வதில்லை. மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவில் 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாயும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயும் விளங்கியவர். 1938 இற் சென்னையில் வெளிவந்த கலைச்சொற்கள் தொகுதிக்குத் தலைமை தாங்கிய அவர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழிசைக் கருவியைக் கணிதமும் பௌதிகமும் கொண்டு ஆராய்ந்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் பேசவைத்தல் கலைப்பீடத்துக்குப் புறம்பான வேலை என அவர் கருதவில்லை. நீரோட்டத்துக்கும் உவர்ப்புக்கும் சேற்றின் வகைகளுக்கும் வாவி மீனவரிடம் வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஆய்வாளரின் அளவீடுகளோடு அவற்றைப் பொருத்திக் காட்டுதல் மொழி கற்போரும் சமூகவியல் கற்போரும் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய பணியாகும். அப்பணியின்றி எந்தக் கண்டுபிடிப்பும் வாவிக்கரையிற் பயன்பாடாகிவிடாது. ஆயினும், ஆராய்ச்சியை வணிகமயப்படுத்தும் மானியம் பற்றிய பேச்சு எழும்போது கலைப்பீட மாணவர் பார்வையாளராகவே ஒதுங்கி நிற்கும் வழக்கம் தொடர்கின்றது. இவ்வொதுக்கத்துக்கு மானியம் வகுப்போர் மட்டுமன்றிக் கலைப்பீடங்களும் பொறுப்பாகும்.

வந்தாறுமூலையில் 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், போரின் கொடுமைகளினூடாகவும் இப்பிரதேசத்தின் இளைஞரைக் கற்பித்து வந்துள்ளது. அங்கிருந்து வெளிவரும் ஆய்வாளர் வாவியைப் பற்றி ஆராய விரும்பின், அதற்காக வாவியை விற்பனைப் பண்டமாக வருணிக்கும் நிலைக்குத் தள்ளப்படலாகாது. இரு கரை மக்களும் பொதுவிற் கொண்ட நீருக்குப் பொதுவிற் செலவிடும் நிதியொன்றை வகுக்கும் கடமை அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உளது. முகத்துவாரத்தை வெட்டும் நாள் பற்றிய வழக்கு அடுத்த மாரியிலும் எழவே செய்யும். அதனைத் தீர்க்க வல்ல இளைஞருக்கு அதற்குள் வழி திறந்துவிடப்படுமா என்பதே விடை வேண்டி நிற்கும் வினாவாகும்.