விசுவாசமும் விடுதலையும்: டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ பற்றிச் சில சிந்தனைகள்

சமய விசுவாசத்தினால் மனிதன் புதுப்பிறவி எய்துகிறான், அதுவே அவனுக்கு விடுதலையும் அளிக்கிறது என்னும் கருத்தை மையமாகக் கொண்ட இலக்கியங்களை அணுகுவதில் நம்மிடையே இருவகைப் போக்குகள் நிலவுகின்றன. பக்திமான்கள் அவற்றைப் பிரசங்கமாகக் கொள்கின்றனர். தமக்கு உவப்பான இறுதிப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிடுகின்றனர். முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோரிற் சிலரோ, வேதாகமத்தின் பெயரைக் கண்ட மாத்திரத்திலேயே நூலை மூடிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் நூலைப் படிப்பதில்லை என்பதே உண்மை. லியோ டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ இவ்வகை அநீதிக்கு நெடுங்காலமாக ஆளாகிவரும் நாவலாகும். ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

நாவலின் வித்து உண்மை நிகழ்ச்சியொன்றிலிருந்து கிடைத்தது. 1887ஆம் ஆண்டு சட்ட அறிஞரான கோனி என்பார் டால்ஸ்டாயிடம் ஒரு சம்பவத்தைக் கூறினார். திருட்டுக் குற்றஞ் சாட்டப்பட்ட விலைமாது ஒருத்தியின் வழக்கில் ஜூரியாக அமர்ந்த கனவான் ஒருவன், அவளை முன்னர் கெடுத்தவன் தானே என்பதை உணர்ந்து, அவளை மணக்க முன்வந்தான். ஆனால் அவளோ சிறையிலேயே நோயுற்று இறந்துபோனாள். பத்து ஆண்டுகளுக்கு மேலாக டால்ஸ்டாயின் உள்ளத்தில் ஊறிய இக்கதை, 1899இல் ‘நீவா’ என்னும் வார இதழில் தொடராக வெளிவந்தது. தணிக்கையாளர் ருஷ்யப் பதிப்பிற் பல பகுதிகளை வெட்டினர். முழு வடிவம் இங்கிலாந்திலேதான் அச்சேறியது.

கதையின் அடித்தளமாக அமைவது ஈஸ்டர் நள்ளிரவு ஆராதனைக் காட்சி. இளம் படையதிகாரியான பிரபு நெஹ்லூதவ், தன் அத்தைமாரின் பண்ணைவீட்டிலே பாதி வளர்ப்பு மகளாகவும் பாதி வேலைக்காரியாகவும் வாழும் கத்யூஷாவைத் தேவாலயத்திற் காண்கிறான். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று அனைவரும் வாழ்த்துரைக்கும் அவ்வேளையில், முகம் சிதைந்த பிச்சைக்காரன் ஒருவனை அவள் எவ்வித அருவருப்புமின்றி முத்தமிடுகிறாள். அந்த ஓரிரவில் தேவாலயத்தில் எசமானும் ஏழையும் சமமாக நிற்பது போலத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் திருநாட் காலம் கழியுமுன்னரே பிரபு அவளைக் கெடுத்து, நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போய்விடுகிறான். உயிர்த்தெழுதலைப் பாடிய வாயுடன் ஒருவன் இன்னொரு மனித உயிரைப் புதைக்கவும் கூடும் என்பதை டால்ஸ்டாய் எவ்வித விளக்கவுரையுமின்றிக் காட்டிவிடுகிறார்.

இதன் பின்னர் வரும் புகையிரத நிலையக் காட்சி இன்னும் கொடியது. அவன் செல்லும் வண்டி அவ்வழியால் வருவதறிந்து, கருவுற்றிருக்கும் கத்யூஷா மழையிலும் இருளிலும் ஓடிவருகிறாள். அவனோ விளக்கொளி வீசும் முதல் வகுப்புப் பெட்டியிலே மெத்தை ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். வண்டி அவளை விட்டுவிட்டுப் போகிறது. அந்த இரவிலேதான் அவள் கடவுளிலும் நன்மையிலும் வைத்திருந்த நம்பிக்கையை இழக்கிறாள். இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவளுடைய அவிசுவாசம் எந்த நாத்திக நூலையும் படித்ததால் வந்ததன்று. முதல் வகுப்புப் பெட்டிக்கும் மழை நனைக்கும் மேடைக்குமிடையே உள்ள தூரமே அவளுக்கு அதனைக் கற்பித்தது. விசுவாசத்தின் சிதைவுக்குச் சமுதாயக் காரணம் உண்டென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய எழுத்தாளர் மிகச் சிலரே.

ஆண்டுகள் பல கழிந்தபின், வணிகன் ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, மாஸ்லவா என்னும் விலைமாதாக அவள் நீதிமன்றத்தில் நிற்கிறாள். ஜூரிகளில் ஒருவனாக நெஹ்லூதவ். கொல்லும் நோக்கம் அவளுக்கு இருக்கவில்லை என்னும் சில சொற்களைத் தீர்ப்பிற் சேர்க்க ஜூரிகள் மறந்துவிட, நிரபராதியான அவளுக்குச் சைபீரியாவிலே நான்கு ஆண்டுக் கடூழியம் விதிக்கப்படுகிறது. நீதிபதிகளிடமோ ஜூரிகளிடமோ பெரும் பகைமை எதுவும் இல்லை. அவரவர்க்கு அவரவர் அவசரம். அநீதி நடப்பதற்குத் தீயோர் தேவையில்லை, அலட்சியமுள்ள கனவான்களே போதும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

நெஹ்லூதவின் மனமாற்றம் இங்கிருந்து தொடங்குகிறது. அதனை வெறும் உயர்குடி மனச்சாட்சியின் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. முதலிற் குஸ்மின்ஸ்கோயிக் கிராமத்திலே குத்தகையைக் குறைப்பதுடன் நின்ற அவன், பானவோவிலே நில உரிமையையே கைவிட்டு, குத்தகைப் பணம் கிராமத்தவரின் பொதுத் தேவைக்கே பயன்படுமாறு ஏற்பாடு செய்கிறான். நிலத்தைத் தனியுடைமையாக்குவது அநீதி என்னும் ஹென்றி ஜோர்ஜின் கருத்து அவனுக்கு வழிகாட்டுகிறது. விவசாயிகளோ இதிலே ஏதோ சூது இருப்பதாக ஐயுறுகின்றனர். தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டோருக்கு எசமானின் நல்லெண்ணத்தை நம்பும் கடமை எதுவும் இல்லை. இதனை மறைக்காது எழுதியமை டால்ஸ்டாயின் யதார்த்தத்துக்குச் சான்று. ஆன்மிக மறுமலர்ச்சி மெய்யானதா என்பதை அறிய அவர் வைக்கும் உரைகல் எளிது. கண்ணீர் எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. கையிலிருந்து எதை விட்டாய் என்றே கேட்கிறார்.

திருச்சபையையும் அவர் இதே உரைகல்லில் உரைக்கிறார். சிறைக் கோவிலில் ஆராதனை நடக்கிறது; கைதிகள் வணங்கி எழும்போதெல்லாம் விலங்குகள் ஒலிக்கின்றன. எவருடைய பெயரால் அங்கே சடங்கு நடக்கிறதோ, அவர் தடைசெய்தவற்றையே அங்குள்ளோர் செய்துகொண்டிருக்கின்றனர் என்பது எவருக்கும் தோன்றவில்லை. ருஷ்யப் பதிப்பிலே தணிக்கைக்கு இரையானவற்றுள் இவ்வத்தியாயமும் ஒன்று. 1901ஆம் ஆண்டு பரிசுத்த சினட் டால்ஸ்டாயைத் திருச்சபைக்குப் புறம்பானவராக அறிவித்தமைக்கு இந்நாவலும் ஒரு காரணமாயிற்று. கிறிஸ்துவின் மலைப்பிரசங்கத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய சபையினாலேயே விலக்கப்பட்ட விந்தையை வரலாறு பதிந்துவைத்துள்ளது.

எனினும் நாவலின் உயிர்நாடி வேறோரிடத்தில் உள்ளது. சிறையில் மன்னிப்புக் கேட்டு, மணஞ்செய்யவும் முன்வரும் நெஹ்லூதவை நோக்கி மாஸ்லவா சீறி எழுகிறாள். இவ்வுலகில் என் உடலை இன்பத்துக்குப் பயன்படுத்தினாய், இப்போது மறுவுலகில் உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் என்னையே பயன்படுத்தப் பார்க்கிறாயா என்பதே அவள் குற்றச்சாட்டின் சாரம். பாவியின் மனந்திரும்பலைப் போற்றும் நூல்கள் ஏராளம். பாவத்துக்கு இரையானவள் அந்த மனந்திரும்பலைப் பார்த்து என்ன நினைப்பாள் என்று கேட்ட நூல்கள் அரியவை. தருமம் செய்வோன் தன் ஆன்மாவுக்காகவே அதனைச் செய்வானாயின், ஏழை அவனுடைய மோட்சத்துக்கு ஏணிப்படியாகிறான். ஏணிப்படிக்கு விடுதலை ஏது?

அவ்வாறாயின் மாஸ்லவா எவ்வாறு புத்துயிர் பெறுகிறாள்? சைபீரியப் பயணத்தின்போது அவள் அரசியற் கைதிகளுடன் சேர்க்கப்படுகிறாள். செல்வக் குடும்பத்திற் பிறந்தும் தன்னலம் துறந்து பிறர்க்குத் தொண்டு செய்யும் மரியா பாவ்லவ்னா, அவளது பழைய வாழ்வை அறிந்தும் அவள்மீது மெய்யன்பு கொள்ளும் சிமன்சன், மூலதனத்தின் முதற் பாகத்தைச் சுமந்துசெல்லும் ஆலைத் தொழிலாளி கந்திராத்தியெவ் முதலியோரின் உலகம் அது. அவளை இரக்கப் பொருளாகவோ இன்பப் பொருளாகவோ எவரும் அங்கே நோக்குவதில்லை. மனிதர் மத்தியில் மனிதப் பெண்ணாக நடத்தப்பட்டமையே அவளைத் தூக்கி நிறுத்துகிறது. இறுதியில் தண்டனை குறைக்கப்பட்டபோது நெஹ்லூதவின் தியாகத்தை ஏற்க மறுத்து, சிமன்சனுடன் செல்லத் துணிகிறாள். அவளுடைய முதற் சுதந்திரச் செயல் அந்த மறுப்பே. தொடக்க வரைவுகளில் இருவரும் மணம்புரிவதாகவே டால்ஸ்டாய் எழுதியிருந்தார். பின்னர் அதனை மாற்றினார். பிரசங்கிக்கு உவப்பான முடிவைக் கலைஞர் ஏற்கவில்லை என்றே நாம் கொள்ளலாம்.

இதனைக் கண்டு முற்போக்காளர் பெருமிதம் கொண்டு நின்றுவிடுதலும் ஆகாது. அதே கைதிகளிடையே நவத்வோரவ் என்பவனையும் டால்ஸ்டாய் படைத்துள்ளார். அறிவும் செல்வாக்கும் மிக்க தலைவன். ஆயினும் அவனுடைய புரட்சி உள்ளத்தின் அடியிலே இருப்பது பிறரினும் உயர்ந்து நிற்கும் வேட்கை. இப்பாத்திரத்தை அவதூறென்று தள்ளிவிடுவதிலும் பார்க்க, நம் இயக்கங்களிலே அவனுடைய உறவினர் எவரெவர் என்று தேடுதல் நன்று.

நாவலின் முடிவு நம்மைத் திருப்திப்படுத்துவதில்லை. சைபீரியச் சிறையொன்றிலே ஆங்கிலேயப் பயணியொருவன் கைதிகளுக்குப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வழங்குகிறான். நெஹ்லூதவ் அவனுக்கு மொழிபெயர்ப்பாளன். அதே கட்டடத்தில் அரசியற் கைதி கிரில்த்ஸோவின் பிணம் கிடக்கிறது. அறைக்குத் திரும்பிய நெஹ்லூதவ் வேதாகமத்தைத் திறந்து, மலைப்பிரசங்கத்திலிருந்து ஐந்து கட்டளைகளைத் திரட்டி, அனைவரும் இவற்றைப் பின்பற்றினால் உலகம் திருந்தும் எனத் தெளிவடைகிறான். வேதவாக்கியங்களைக் கொண்டு அனைத்தையும் தீர்த்துவிடும் இம்முடிவைச் செகாவும் ஒப்பவில்லை. நாவலை வியந்து போற்றிய அவர், 1900இல் எழுதிய கடிதமொன்றில் அதற்கு முடிவே இல்லை எனக் குறிப்பிட்டார். டால்ஸ்டாயின் ஆற்றலையும் முரண்பாட்டையும் ஒருங்கே கண்டு, ருஷ்ய விவசாயிகளின் கோபமும் செயலின்மையும் அவரிற் பிரதிபலித்தமையை லெனின் 1908இல் விளக்கியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. நோயை ஆயிரம் வீடுகளிலே கண்ட வைத்தியர், மருந்தை ஒரு தனியறையிலே தேடினார்.

ஆயினும் அந்த அறைக்கு வெளியே, நாவல் பிறந்த வரலாற்றிலேயே, வேறொரு விடை இருக்கிறது. துகோபார் என்னும் ருஷ்யக் கிறிஸ்தவ விவசாயிகள், கொலை செய்யாதிருத்தல் தம் விசுவாசம் எனக் கொண்டு, 1895இல் தம்மிடமிருந்த ஆயுதங்களைக் குவித்து எரித்து, படைச்சேவையை மறுத்தனர். கசையடியும் நாடுகடத்தலும் அவர்க்குக் கிடைத்த பரிசு. 1899இல் அவர்களில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் கனடாவுக்குக் கப்பலேறினர். தம் பிற்கால எழுத்துகளுக்குப் பதிப்புரிமை வேண்டாமெனத் துறந்திருந்த டால்ஸ்டாய், அவர்களுடைய பயணச் செலவுக்காகவே இந்நாவலுக்கு மாத்திரம் பணம் பெற்றார். நெஹ்லூதவ் தனியே படித்துத் தெளிந்த அதே கட்டளைகளை இவ்விவசாயிகள் கூட்டாகச் செய்து காட்டினர். அதனாலேயே அரசு அஞ்சியது. தனியறையில் வேதம் வாசிப்பவனுக்குச் சாரின் அரசு கசையெடுக்கவில்லை.

ஆகவே, விசுவாசம் விடுதலை தருமா என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடையிறுக்க முனைதல் வீண். தன் உடைமையை விடச் செய்யும் விசுவாசம், பிறரைத் தன் இரட்சிப்புக்குக் கருவியாக்காத விசுவாசம், பலர் கூடி அநீதிக்கு ஒத்துழைக்க மறுக்கும் செயலாக மலரும் விசுவாசம் விடுதலையின் பக்கத்தில் நிற்கிறது. அத்தகையோருடன் நமக்கு வழக்கில்லை. மனத்தை ஆற்றிவிட்டு விலங்கை அப்படியே விட்டுவைப்பதை, எப்பெயரால் வந்தாலும் நாம் எதிர்க்கவே வேண்டும். இந்நாவலை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர், இறுதி அத்தியாயத்தை விளக்குவதற்கு முன்னர் அந்தப் புகையிரத நிலையத்தில் அவர்களைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பாராக. மழையில் நின்றவளின் பக்கத்திலிருந்து படிக்கத் தெரிந்தவர்க்கே புத்துயிர்ப்பு என்னும் சொல்லின் முழுப்பொருளும் புலப்படும்.