விளிம்பு விழா நாடகங்களில் சுட்டும் முன்னிலையும்: எடின்பரோவை முன்வைத்து

1.0 முன்னுரை

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1947ஆம் ஆண்டு அனைத்துலகக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே முன்வந்து நாடகங்களை நிகழ்த்தின. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் நாளிதழொன்றில் எழுதியபோது இத்தகைய நாடகங்களைக் குறிக்க 'ஃபிரிஞ்சு' என்னும் சொல்லை ஆண்டார். அதுவே பெயராக நிலைத்தது. 1958இல் அமைந்த சங்கம், நாடகங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதையே தன் கொள்கையாக ஏற்றது. அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டு மாதந்தோறும் 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் தேவாலயக் கூடங்களிலும் நிலவறைகளிலும் விரிவுரை அறைகளிலும் மதுக்கடை மாடிகளிலும் நடைபெறுகின்றன. சிறு குழுக்களின் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேர அளவின. ஒரு குழு வெளியேறியவுடன் அதே அறையில் அடுத்த குழு நுழைய வேண்டியிருப்பதால் விரிவான காட்சியமைப்புக்கு வாய்ப்பில்லை. அதன் சுமையைப் பெரிதும் சொல்லே தாங்குகிறது. இச்சுமை மொழிபெயர்ப்பில் என்னவாகிறது என்பது ஆராயத்தக்கது.

2.0 பெயர்

'விளிம்பு' என்னும் பெயர்ப்பு முற்றிலும் பொருந்துவதன்று. 'விளிம்புநிலை மக்கள்' என்னும் வழக்கு வேரூன்றியபின் அச்சொல் ஒதுக்கப்பட்டோரை நினைவூட்டுகிறது. எடின்பரோக் குழுக்களோ ஒதுக்கப்பட்டவை அல்ல, அழையாமல் வந்தவை. 'ஓரம்' ஒருபாற் கோடலையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லின் அடிப்படைப் பொருள் துணியின் ஓரத்தில் தொங்கும் நூற்குஞ்சம். துணியோடு சேர்ந்தும் சேராமலும் இருக்கும் அந்நிலையைத் தமிழ்ச் சொல் எதுவும் முழுமையாகத் தரவில்லை. வேறு பொருத்தமான சொல் அமையும்வரை 'விளிம்பு' ஏற்கத்தக்கது.

3.0 சுட்டு

டாம் ஸ்டொப்பார்டின் 'ரோசன்கிரான்ட்சும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டனர்' 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழுவினரால் இவ்விழாவில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே இலண்டன் தேசிய நாடகக் குழு அதனை மேடையேற்றியது. நாணயம் சுண்டிக்கொண்டிருக்கும் இருவர் நிற்கும் இடத்திற்குத் தொடக்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. ஆதலின் அவர்கள் 'இங்கே' என்னும்போது அது கதையிடத்தையும் பார்வையாளர் அமர்ந்திருக்கும் அறையையும் ஒருங்கே சுட்டுகிறது. அச்சுப்படியை மட்டும் கொண்டு பெயர்ப்பவர் 'இந்த இடத்தில்' என விரித்தெழுதிக் கதையிடத்தை மட்டும் நிறுத்திவிடக்கூடும்.

ஆங்கிலப் பொதுவழக்கில் சுட்டு இருவகைத்து. ஸ்காட்ஸ் மொழியில் சேய்மையைக் குறிக்க 'யோன்' என்னும் மூன்றாம் சுட்டும் உண்டு. தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டுகளுள் உகரம் தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் 'உது', 'உவன்' என இன்றும் வழங்குகிறது. நடிகருக்கும் முதல் வரிசைக்கும் இடையே ஓரிரு அடியே உள்ள அறையில், கேட்போர்க்கு அண்மையிலுள்ள பொருளைச் சுட்ட 'உது' மிகப் பொருந்தும். எனினும் ஸ்காட்ஸில் தனிச்சொல் பெறுவது சேய்மை, தமிழில் இடைநிலை என்னும் வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

4.0 முன்னிலை

ஃபீபி வாலர் பிரிட்ஜ் எழுதித் தாமே நடித்த 'ஃபிளீபேக்' 2013இல் இவ்விழாவில் நிகழ்ந்த ஓராள் நாடகம். அதன் பேச்சு பார்வையாளரை நேரே நோக்கியது. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒருமை, பன்மை, மரியாதை மூன்றையும் வேறுபடுத்தாது. தமிழ் வேறுபடுத்தியே ஆகவேண்டும். 'நீங்கள்' என்றால் மேடைப்பேச்சின் தொலைவு வந்துவிடும். 'நீ' என்றால் அறையிலுள்ள பலர் ஒருவராகச் சுருங்குவர். 2016இல் இது தொலைக்காட்சித் தொடரானபோது, நேர்ப்பேச்சு ஒளிப்படக்கருவியை நோக்கிய பார்வையாக மாறியது. அங்கே கேட்பவர் ஒருவரே, 'நீ' இயல்பாகும். அரங்கிற்கோ 'நீங்கள்' என்பதைக் கொண்டு, நெருக்கம் வேண்டுமிடத்தில் கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதை ஆளலாம். 'நாங்கள்' என்றால் கேட்போர் வெளியே நிறுத்தப்படுவர். மூலம் ஒன்றேயாயினும் அரங்கு மாறினால் இடப்பெயரும் மாறும்.

5.0 சொல்லற்ற அரங்கு

பிறமொழிக் குழுக்கள் சொல்லைக் குறைத்து உடலசைவை நாடுவதுண்டு. திறனாய்வாளர் அதனை 'மொழி கடந்தது' எனப் புகழ்வதும் உண்டு. இப்புகழ்ச்சி முழுதும் ஏற்கத்தக்கதன்று. தேர்வு இல்லையெனினும் அரங்க வாடகையும் தங்குமிடச் செலவும் ஒருவகைத் தேர்வே. திரைமேல் உரைவரி காட்டக் கருவியும் ஆளும் ஒத்திகை நேரமும் வேண்டும். சில நிமிடங்களில் அறை மாற்றும் சிறு குழுவிற்கு இவை எளிதல்ல. அங்கே சொல் கடக்கப்படவில்லை, கைவிடப்படுகிறது. 1976இல் போலந்தின் ததேயுஷ் கான்டோர் எடின்பரோவில் நிகழ்த்திய 'இறந்த வகுப்பு' போலிஷ் மொழியிலேயே அமைந்தது. பொருள் விளங்காத சொல்லும் ஒலியாலும் தாளத்தாலும் அரங்கில் தொழிற்படும் என்பதற்கு அது சான்று.

6.0 முடிவுரை

சிற்றரங்க நாடகத்தில் சுட்டும் முன்னிலையும் காட்சியமைப்பின் பணியைச் செய்கின்றன. ஆகவே அச்சுப்படியோடு, முதலில் நிகழ்ந்த அறையின் அளவு, நடிகரின் நிலை, பார்வையாளர் அமர்ந்த முறை ஆகியவற்றையும் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் பகுதியாகவே கொள்ளவேண்டும். அவற்றை விடுத்த பெயர்ப்பு படிப்பதற்கு உதவலாம், நடிப்பதற்கு உதவாது.