ஐ7 பெருசு, ஐ5 சிறுசா?

அக்கா மகளுக்குக் கல்லூரிக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருந்தோம். ஒரு கடையில் தம்பி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஐ7-7500யூ, இன்னொன்று ஐ5-8250யூ. "ஐ7 எடுத்துக்கோங்க சார், அதுதான் பெருசு. மூவாயிரம்தான் கூட."

ஐ5, ஐ7 என்பதை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால்தான் அர்த்தம். இந்த மாடல்களில் கோட்டுக்கு அடுத்த முதல் இலக்கம்தான் தலைமுறை. 2016-ல் வந்த 7500யூவில் 2 கோர்தான். மறுவருஷம் வந்த 8250யூவில் 4. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் 8250யூ இருக்கு, 7500யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிஞ்சாச்சு.

"பதினொண்ணு நாங்களே போட்டுத் தர்றோம் சார்" என்றார். போடலாம்தான். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

தம்பி பொய் சொல்லலை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். தெரியாதது தப்பே இல்லை. "தெரியலை சார், பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லக் கடை பழக்கவில்லை பாருங்க, அதுதான் தப்பு. அவரோட வாதாடிப் பிரயோஜனமில்லை. முழு மாடல் எண்ணைக் குறிச்சுக்கிட்டு வெளியே வந்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போனில் தேடிப் பாருங்க.

நாங்க ஐ5 வாங்கினோம். அந்த ஐ7 இந்நேரம் வேறொரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கும், மூவாயிரம் கூடக் கொடுத்து.